நகரத்துச் சமையலறைக் கழிவும் விவசாயியின் நிலமும்

மாடு கட்டியிருக்கும் கிராமத்துக் குடும்பத்தில் உணவுக் கழிவு என்று தனியே ஒரு தொல்லை இருப்பதில்லை. அரிசி களைந்த நீரும், காய்கறித் தோலும், மிஞ்சிய சோறும் கழுநீர்த் தொட்டிக்குப் போகின்றன. மாடு தின்னாத சருகும் கூளமும் அடுப்புச் சாம்பலும் எருக்குழியைச் சேர்கின்றன. கோடையில் அக்குழியை வெட்டி, வண்டியேற்றி, வயலில் இறைத்துவிட்டால், நிலத்தினின்றும் எடுத்ததில் ஒரு பங்கு நிலத்திற்கே திரும்பிவிடுகிறது.

நகரத்தில் இவ்வழக்கம் நடவாது. அங்கே பெரும்பாலான வீடுகளில் மாடும் இல்லை, குழி வெட்ட இடமும் இல்லை. வாழைத் தோலும், உடைந்த கண்ணாடியும், பிளாஸ்டிக் பையும், தீர்ந்துபோன பாட்டரியும் ஒரே கூடையில் விழுந்து, ஊருக்கு வெளியே ஒரே மேட்டில் குவிகின்றன. நாட்டுப்புறத்து நிலங்களின் சத்து, தானியமாகவும் காய்கறியாகவும் மூட்டை மூட்டையாக நகருக்குச் சென்று, அங்கேயே தங்கிவிடுகிறது.

இதனை மாற்றும் பொருட்டு, வீட்டுக் குப்பையினின்று உணவுக் கழிவைத் தனியே பிரித்துச் சேகரிக்கப் பல தேசத்து நகரங்களும் முயன்று வருகின்றன. இதற்குப் பொருள் மிகுதியாகத் தேவைப்படுவதால், தத்தம் சர்க்காரிடம் மானியம் கோருகின்றன. நகரத்தார் கேட்கும் பணத்தைப் பற்றி விவசாயிகளுக்கு என்ன கவலை என்று தோன்றலாம். அப்பணம் எவ்வழியில் செலவாகிறது என்பதைப் பொறுத்தே, முடிவில் வயலுக்கு வந்து சேர்வது நல்ல எருவா, கண்ணாடித் தூள் கலந்த மண்ணா என்பது அமையும். ஆகையால் நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் இவ்விஷயத்தை நன்கு அறிந்திருத்தல் அவசியம்.

நகரங்கள் பொருளுதவி கோருவதன் காரணம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நகரக் குப்பையைப் பெருங்குழிகளில் கொட்டி, அழுத்தி, மண்ணால் மூடுவது பெருவழக்கு. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகாவின் கணக்குப்படி, 2018-ல் இவ்விதம் புதைக்கப்பட்ட குப்பையில் 100-க்கு 24 பங்கு உணவுப் பொருளாக இருந்தது. வேறெந்தப் பொருளும் அவ்வளவு இல்லை. காற்றோட்டமில்லாத ஆழத்தில் உணவு அழுகும்போது மீதேன் என்னும் வாயு உண்டாகிறது. பூமியைச் சுற்றியுள்ள காற்றைச் சூடேற்றுவதில், 20 வருஷ காலத்தை வைத்துக் கணக்கிட்டால், இது கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 80 மடங்கு வலியது. குப்பைக் குழிகளினின்று பிடிபடாமல் வெளியேறும் மீதேனில் 100-க்கு 58 பங்கு அழுகும் உணவினால் உண்டாவதே என்று அதே இலாகா 2023-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

வாயுவோடு தொல்லை தீர்வதில்லை. உணவுக் கழிவின் எடையில் முக்காற் பங்கு நீராகையால், குவிந்த குப்பையிலிருந்து கருநிறக் கழிவு நீர் கசிந்து கிணற்றையும் ஏரியையும் கெடுக்கிறது. குப்பை மேடு தீப்பற்றினால் எளிதில் அணைவதில்லை. 2023 மார்ச்சு மாதம் கொச்சிக்கு அருகே பிரம்மபுரத்தில் பற்றிய தீ பத்து நாட்களுக்கு மேல் புகைந்துகொண்டிருந்தது. 2017 ஏப்ரல் 14-ஆம் தேதி, கொழும்பு நகரின் ஓரத்தில் மீதொட்டமுல்லை என்னுமிடத்துக் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியதில் 30 பேருக்கு மேல் மாண்டனர். உணவுக் கழிவு கலவாத குப்பை உலர்ந்தும் நாற்றமின்றியும் இருப்பதால், அதனைத் தரம் பிரித்து விற்பதும் எளிது. எஞ்சியதைக் கிடங்கிடுவதும் எளிது.

இக்காரணங்களால் நகரங்களுக்கு உதவி செய்யச் சர்க்கார்கள் முன்வந்திருக்கின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2018-ல் நிறைவேறிய விவசாயச் சட்டத்தின்கீழ், நகரங்களும் ஏனைய ஸ்தல ஸ்தாபனங்களும் கம்போஸ்டு செய்யும் திட்டங்களுக்கும், உணவு வீணாவதைக் குறைக்கும் திட்டங்களுக்கும் உதவி கேட்டு விண்ணப்பிக்க வழி வகுக்கப்பட்டது. இதில் கவனிக்கத்தக்கது யாதெனில், அப்பொறுப்பு அந்நாட்டு விவசாய இலாகாவிடம் ஒப்புவிக்கப்பட்டதேயாகும். விண்ணப்பங்களைச் சீர்தூக்கும்போது, செய்யும் எரு பயிரிடுவோர் கைக்கு எளிதில் எட்டுமா என்பதும் ஒரு முக்கியமான கேள்வியாக வைக்கப்பட்டது. குப்பையை ஒழிக்கும் திட்டம் என்று மட்டும் கொள்ளாமல், எரு உற்பத்தித் திட்டம் என்றே இதனைக் கொண்டனர் என்பது இதனால் விளங்கும்.

பிரித்த கழிவும் பிரியாத குப்பையும்

நகரக் குப்பையை எருவாக்குவது நமது தேசத்திற்குப் புதிதன்று. ஸர் ஆல்பர்ட் ஹோவர்டு 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்த காலத்தில், சருகு, கூளம், சாணம், மூத்திர மண் ஆகியவற்றை அடுக்கி, வேளாவேளையில் புரட்டி, சுமார் 90 நாட்களில் எருவாக்கும் இந்தூர் முறையை வகுத்தார். 1939-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் சி. என். ஆசார்யா, நகரக் குப்பையையும் மலத்தையும் மாறி மாறி அடுக்கிப் புரட்டாமல் மூடிவைத்து 5, 6 மாதங்களில் எருவாக்கும் பெங்களூர் முறையைக் கண்டார். 1940-களில் உணவுப் பஞ்சத்தையொட்டி நடந்த உற்பத்தி இயக்கத்தின்போது, நகரசபைகள் பலவும் இவ்வாறு எருச் செய்து குடியானவர்களுக்கு விற்றன. அக்காலத்து நகரக் குப்பை என்பது பெரும்பாலும் சாம்பல், தெருமண், இலை, கூளம் ஆகியவையே. அதில் நிலத்திற்குத் தீங்கு செய்வது குறைவு.

பின்னர்க் குப்பையின் தன்மை மாறிற்று. 1970-களில் மத்திய சர்க்காரின் உதவியோடு பெரிய நகரங்கள் சிலவற்றில் இயந்திரக் கம்போஸ்டு ஆலைகள் நிறுவப்பட்டன. நகரக் குப்பை முழுவதையும் பிரிக்காமலே ஆலைக்குள் செலுத்தி, அரைத்து, சலித்து எருவாக்க எண்ணினர். செலவு மிகுந்தது, எருவில் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் நின்றன, வாங்குவோர் குறைந்தனர். அவ்வாலைகளிற் பெரும்பாலானவை நாளடைவில் மூடப்பட்டன. சல்லடையால் பெரிய துண்டுகளை நீக்கலாம். தூளாகிவிட்ட கண்ணாடியையும், பாட்டரியிலிருந்தும் சாயத்திலிருந்தும் ஊறி இறங்கிவிட்ட ஈயம், காட்மியம் முதலிய உலோகங்களையும் எந்தச் சல்லடையாலும் நீக்க இயலாது. ஒரு முறை நிலத்தில் சேர்ந்த உலோகம் பல தலைமுறைக்கும் அங்கேயே கிடக்கும்.

ஆகவே பிரிக்கும் வேலை குப்பை கலந்த பிறகு ஆலை வாசலில் செய்யத் தக்கதன்று. கலக்கும் முன்பே வீட்டு வாசலில் செய்யத் தக்கது. எந்த நகரமாயினும் பொருளுதவி கேட்டு வரும்போது, முதலில் கேட்க வேண்டியது, பிரித்தல் எவ்விடத்தில், யாரால், எவ்வாறு நடக்கும் என்பதேயாம். இதற்கு விடை திருப்தியாக இல்லையாயின், எத்தனை பெரிய இயந்திரம் வாங்கியும் பயன் இல்லை.

சான்பிரான்சிஸ்கோ நகரத்தின் அனுபவம்

கலிபோர்னியா ராஜ்யத்தைச் சேர்ந்த சான்பிரான்சிஸ்கோ, 8 லட்சத்திற்கு மேற்பட்ட ஜனங்கள் வசிக்கும் நகரம். அந்த ராஜ்யம் 1989-ல் இயற்றிய சட்டம், ஒவ்வொரு நகரமும் 2000-ஆவது வருஷத்திற்குள் புதைக்கும் குப்பையைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று விதித்தது. குப்பையில் பெரும்பங்கு உணவாக இருப்பதைக் கண்ட நகரத்தார், 1996-ல் உணவுக் கழிவைத் தனியே சேகரிக்கத் தொடங்கினர். பின்னர் அது வீடுகள்தோறும் விரிந்தது.

ஒவ்வொரு வீட்டிற்கும் மூன்று தொட்டிகள் அளிக்கப்பட்டன. பச்சைத் தொட்டியில் உணவுக் கழிவும் தோட்டத்துத் தழையும், நீலத் தொட்டியில் காகிதம், புட்டி, தகரம் முதலியவையும், கறுப்புத் தொட்டியில் எஞ்சியவையும் இடவேண்டும். கறுப்புத் தொட்டி பெரிதாயின் கட்டணமும் பெரிது. இதனால் பிரிப்பவருக்கு லாபமும் பிரிக்காதவருக்கு நஷ்டமும் உண்டாயின. 2009-ல் பிரித்தலைக் கட்டாயமாக்கி நகரசபை சட்டம் செய்தது. முதலில் எச்சரிக்கை, பின்னரே அபராதம் என்பது அவர்கள் கைக்கொண்ட முறை.

பச்சைத் தொட்டிக் கழிவு நகருக்கு வெளியே, விவசாயப் பிரதேசத்தில் உள்ள களங்களுக்குச் சென்று எருவாகிறது. அவ்வெருவைத் திராட்சைத் தோட்டக்காரர்களும் பழத்தோட்டக்காரர்களும் வாங்குகின்றனர். விலை கொடுத்து வாங்குவோர் கண்ணாடித் துண்டு கண்டால் அடுத்த முறை வாங்கார். ஆதலால் களத்துக்காரர் நகரத்தாரைக் கண்டித்துக்கொண்டே இருப்பர். எருவை வாங்கும் விவசாயியே நகரத்துத் தொட்டிக்குக் காவலாக அமைவது இவ்வேற்பாட்டின் சிறப்பாகும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. 2020-க்குள் குப்பை புதைப்பதையே அறவே ஒழிப்பதாகச் செய்த தீர்மானம் நிறைவேறவில்லை. சேகரிப்பு வேலை முழுவதும் ஒரே கம்பெனியிடம் இருந்தமையால் கட்டணம் மிகையாக வசூலிக்கப்பட்டு, 2021-ல் ஏறக்குறைய 9½ கோடி டாலரை ஜனங்களுக்குத் திருப்பித் தர நேர்ந்தது. வீட்டுக்காரரிடம் வாங்கும் கட்டணத்தால் திட்டம் தடையின்றி நடந்தது உண்மை. அக்கட்டணத்தைத் தணிக்கை செய்யும் கண் இமைத்தால் என்ன ஆகும் என்பதும் அதே நகரத்தில் தெரிந்தது.

வருஷந்தோறும் மாறும் வரவு செலவு

நியூயார்க் நகரம் வேறொரு பாடத்தைக் கற்பிக்கிறது. 80 லட்சத்திற்கு மேற்பட்ட ஜனங்களைக் கொண்ட அந்நகரம், 2013-ல் உணவுக் கழிவைப் பிரித்துச் சேகரிக்கும் பரீட்சையைத் தொடங்கி, வருஷா வருஷம் நகரத்தின் பொதுப் பணத்திலிருந்து செலவழித்து வந்தது. 2020-ல் பெருநோய் பரவி வருமானம் குறைந்தபோது, மே மாதத்தில் இச்சேகரிப்பு நிறுத்தப்பட்டது. பழக்கம் விட்டுப்போயிற்று. 2022 அக்டோபரில் குவீன்ஸ் பகுதியில் மறுபடியும் தொடங்கி, 2024 அக்டோபரில்தான் நகரம் முழுவதற்கும் விரிவாக்கினர். 2025 ஏப்ரலில் அபராதம் விதிக்கத் தொடங்கி, அம்மாதத்திலேயே பெரும்பாலான கட்டடங்களுக்கு அதனை நிறுத்தி வைத்தனர். ஒரு வீட்டுக்காரருக்குப் பிரிக்கும் பழக்கத்தை உண்டாக்க வருஷங்கள் செல்லும். அதனைக் கெடுக்க ஒரு வருஷத்து வரவு செலவுத் திட்டம் போதும்.

தென் கொரியாவில் நடந்தது இன்னொரு விதம். 2005-ல் உணவுக் கழிவைப் புதைப்பது தடை செய்யப்பட்டது. 2013 முதல் வீடுகள் இடும் உணவுக் கழிவின் அளவுக்கேற்பக் கட்டணம் வாங்கும் முறை நாடெங்கும் வந்தது. அடுக்குமாடி வீடுகள் பலவற்றில், அட்டையைக் காட்டினால் திறந்து, இட்ட கழிவை நிறுத்துக் கணக்கெழுதும் தொட்டிகள் உள்ளன. அங்கே உணவுக் கழிவில் 100-க்கு 90 பங்குக்கு மேல் எருவாகவோ, கால்நடைத் தீனியாகவோ, எரிவாயுவாகவோ மாற்றப்படுகிறது. எனினும் சமைத்த உணவில் உப்பு மிகுதியாதலால், அதிலிருந்து செய்த எருவும் உப்புக் கொண்டிருப்பது அவர்களுக்கு ஓயாத கவலை. இது நமது தேசத்துக்கும் பொருந்தும். சாம்பாரும் ஊறுகாயும் கலந்த எச்சிற் கழிவு, காய்கறிச் சந்தைக் கழிவைப்போன்றதன்று.

பணம் எவ்வாறு செலவாகிறது

உணவுக் கழிவுத் திட்டத்தின் செலவு ஐந்து வகைப்படும்.

(1) வீட்டுக்கு ஒரு சிறு மூடிப் பாத்திரமும், தெருவுக்கோ கட்டடத்துக்கோ பெரிய தொட்டியும்.

(2) தனியே ஏற்றிச் செல்லும் வண்டி. வீட்டுக்காரர் பிரித்ததை வண்டிக்காரர் கலந்துவிட்டால், மறுநாள் முதல் வீட்டுக்காரரும் பிரியார். ஒரே வண்டியாயினும் இரண்டு அறையாகத் தடுத்திருத்தல் வேண்டும்.

(3) எருக்களம். தரை இறுகியும், கழிவு நீர் வடிந்து ஒரு தொட்டியில் சேருமாறும், மழைக்கு மறைப்பு உடையதாகவும் இருக்க வேண்டும்.

(4) வீடுவீடாகச் சென்று கற்பிப்பவரும், தொட்டியைத் திறந்து பார்ப்பவரும்.

(5) முடிந்த எருவைச் சோதனைச் சாலைக்கு அனுப்பிப் பார்க்கும் செலவு.

முதல் மூன்றும் கண்ணுக்குத் தெரிவன. அவற்றை வாங்கித் திறப்பு விழா நடத்தலாம். ஆதலால் மானியம் கோரும்போது இவற்றிற்கே பெருந்தொகை கேட்பது இயல்பு. நான்காவதும் ஐந்தாவதும் வருஷந்தோறும் வரும் செலவு. பணம் குறையும்போது முதலில் வெட்டப்படுவனவும் இவையே. இவ்விரண்டும் இல்லையேல் முன்னவை மூன்றும் வீணாகும். எருவை விற்ற பணத்தால் மாத்திரம் இத்திட்டம் நடவாது என்பதையும் மறைப்பதற்கில்லை. குப்பை மேட்டிற்குக் கொண்டுபோகும் கூலியும், மேட்டைக் காக்கும் செலவும் எவ்வளவு மிச்சமாகின்றன என்பதையும் சேர்த்தே லாப நஷ்டம் பார்க்க வேண்டும்.

உணவுக் கழிவு எருவாகும் விதம்

உணவுக் கழிவு தானே எருவாகாது; தனித்து வைத்தால் நொதித்து நாறும். காரணம் இரண்டு. அதில் நீர் அதிகம். தழைச்சத்தை நோக்கக் கரிச்சத்துக் குறைவு. நுண்ணுயிர்கள் நன்கு வேலை செய்யத் தழைச்சத்து 1 பங்குக்குக் கரிச்சத்து 25 முதல் 30 பங்கு இருத்தல் உசிதம். சமையலறைக் கழிவில் சுமார் 15 பங்கே இருக்கும். காய்ந்த இலை, வைக்கோல், கரும்புச் சோகை, மரத்தூள் ஆகியவற்றில் 50-ம் அதற்கு மேலும் உண்டு. ஆகவே ஒரு கூடை உணவுக் கழிவுக்கு இரண்டு மூன்று கூடை காய்ந்த சருகு சேர்க்க வேண்டும். கையிலெடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிந்து, நீர் சொட்டாமல் இருப்பதே சரியான பதம்.

இவ்விதம் சேர்த்த குவியல் இரண்டு மூன்று நாட்களில் சூடேறும். உட்புறத்து உஷ்ணம் 55 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாமல் 15 நாட்கள் நின்று, அந்நாட்களில் 5 முறை புரட்டப்படுமாயின், நோய்க் கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் அழியும். புரட்டாவிடில் வெளிப்புறத்திலுள்ளவை தப்பிவிடும். சூடு தணிந்தபின் ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறவிட வேண்டும். ஆறாத எருவை இட்டால் அது மண்ணிலுள்ள தழைச்சத்தையும் பிராணவாயுவையும் தானே உண்டு, பயிரை மஞ்சளாக்கும். முதிர்ந்த எரு கறுத்து, மழை பெய்த மண்ணின் வாசனை வீசும். அதில் சோற்றையோ தோலையோ இனங்காண இயலாது.

விவசாயி செய்ய வேண்டிய சோதனை

நமது தேசத்தில் விற்கப்படும் நகரக் கம்போஸ்டுக்கு, உரக் கட்டுப்பாட்டு உத்தரவில் அளவுகள் விதிக்கப்பட்டுள்ளன. ஈரம் 100-க்கு 15 முதல் 25 வரை, கரிச்சத்து 12-க்குக் குறையலாகாது, தழைச்சத்து 0.8-க்கும், மணிச்சத்தும் சாம்பற்சத்தும் தனித்தனியே 0.4-க்கும் குறையலாகாது. 4 மில்லிமீட்டர்ச் சல்லடையில் 100-க்கு 90 பங்கு இறங்க வேண்டும். உப்பைக் காட்டும் மின்கடத்துத் திறன் 4-க்கு மேற்படலாகாது. ஒரு கிலோவில் ஈயம் 100 மில்லிகிராமுக்கும், காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது. வாங்குவோர் இவற்றைக் காட்டும் சோதனைச் சீட்டைக் கேட்டு வாங்குவது உரிமையாகும். சீட்டில் உள்ள தேதியும் கையிலுள்ள எருவும் ஒத்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

சீட்டில் தெரியாத தீமையும் உண்டு. 2000-ஆவது வருஷத்தை ஒட்டி, அமெரிக்காவின் வாஷிங்டன் ராஜ்யத்தில், புல்வெளிக்குத் தெளித்த குளோபைராலிட் என்னும் களைக்கொல்லி கம்போஸ்டு ஆகியும் அழியாமல் நின்று, அதனை இட்ட தோட்டங்களில் தக்காளி முதலிய பயிர்களைச் சுருட்டிற்று. இதனைக் கண்டுபிடிக்கப் பெரிய சோதனைச் சாலை வேண்டியதில்லை. மூன்று சட்டிகளில் தோட்டத்து மண்ணையும், மூன்று சட்டிகளில் அதே மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு எருவையும் இட்டு, அவரையோ பச்சைப் பயறோ விதைத்து, மூன்று வாரம் கவனிக்க வேண்டும். எருவிட்ட சட்டியில் முளைப்புக் குறைந்தாலும், இலை கிண்ணம்போற் குவிந்தாலும், நுனி கருகினாலும் அவ்வெருவை வயலுக்கு ஏற்றாமல் இருப்பதே புத்தி. ஒரு கைப்பிடி எருவை நீரில் கரைத்துப் பார்த்தால் பிளாஸ்டிக் துணுக்கு மிதப்பதும், கண்ணாடித் தூள் அடியில் தங்குவதும் தெரியும். சேற்றில் வெறுங்காலோடு நாற்று நடும் பெண்களின் பாதங்களை எண்ணினால், இச்சிறு சோதனையை ஒருவரும் அலட்சியம் செய்யார்.

நகரக் கம்போஸ்டிடம் எதிர்பார்க்கத் தக்கது எது, தகாதது எது என்பதையும் அறிதல் வேண்டும். 0.8 பங்கு தழைச்சத்துள்ள எருவை ஏக்கருக்கு 5 டன் இட்டால், அதில் அடங்கிய தழைச்சத்து 40 கிலோ. முதற் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது அதில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 4 முதல் 8 கிலோவே. யூரியாவை முற்றிலும் நிறுத்திவிட்டு இதனை மட்டும் நம்பினால் மகசூல் குறையும். மண்ணைப் பொலபொலப்பாக்குவது, நீரைப் பிடித்து வைப்பது, இட்ட உரம் கரைந்தோடாமல் காப்பது ஆகியவையே இவ்வெருவின் சிறந்த குணங்கள். அக்குணங்கள் வருஷந்தோறும் இட்டு வருவோருக்கே முழுதும் தெரியவரும். மணற்பாங்கான நிலத்திற்கும், மக்கு இழந்து இறுகிய நிலத்திற்கும் இது மிகவும் சிலாக்கியம். உவர் நிலமுடையோர் உப்பின் அளவைப் பாராமல் இடலாகாது.

நமது கிராமங்கள் செய்யக்கூடியது

2016-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட திடக்கழிவு விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுப்பதை வீட்டுக்காரரின் கடமையாக்கின. அதே வருஷத்தில், நகரக் கம்போஸ்டை விவசாயிகள் வாங்க ஏதுவாக டன் ஒன்றுக்கு 1,500 ரூபாய் விற்பனை உதவி அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டு நகரங்கள் பலவற்றில் வட்டந்தோறும் சிறு எருக்களங்களும் ஏற்பட்டன. சட்டமும் உதவியும் நன்றே. அவை பயன்படுவது, எருவைக் கேட்டு வாங்கும் விவசாயியும், கேட்கவைக்கும் கிராம உத்தியோகஸ்தரும் முன்வருவதைப் பொறுத்தது.

நகரத்தை அடுத்த கிராமங்களில் கீழ்க்கண்டவாறு செய்வது உசிதமாகும்.

(1) எரு கனமான பொருளாகையால் தூரம் அதிகமானால் வண்டிக் கூலியே விலையை விழுங்கிவிடும். ஆகவே அருகிலுள்ள நகரசபையோடு அக்கம்பக்கத்துக் கிராமங்கள் சேர்ந்து பேசி, வருஷத்துக்கு எவ்வளவு எரு, எம்மாதத்தில், என்ன விலைக்கு என்பதை எழுத்து மூலம் ஏற்பாடு செய்துகொள்ளலாம். கோடை உழவுக்கு முன்னரே எரு வந்து சேர வேண்டும்.

(2) காய்கறிச் சந்தை, கல்யாண மண்டபம், உணவு விடுதி ஆகியவற்றின் கழிவு ஓரிடத்தில் மிகுதியாகவும் கலப்பின்றியும் கிடைக்கும். வீடுகளுக்குப் போகும் முன் இவற்றிலிருந்து தொடங்குவது எளிது. உண்ணத் தக்க உணவு மிஞ்சினால் அது முதலில் மனிதருக்கும், பின்னர் மாட்டுக்குமே உரியது. எருக்குழி அதற்கடுத்த இடமே.

(3) நகரத்து உணவுக் கழிவுக்குக் குறைவாயிருப்பது காய்ந்த சருகும் தாளும். கிராமத்தில் அவை கொளுத்தப்படுகின்றன. சோகையையும் வைக்கோற் கழிவையும் களத்துக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக எருப் பெறலாம்.

(4) பிரியாத குப்பையைக் கிராமத்துப் புறம்போக்கில் கொட்ட நகரத்தார் இடம் கேட்டால், இணங்குமுன் கிணறுகளையும் ஏரி வாய்க்காலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிரித்த உணவுக் கழிவை எருவாக்கும் களத்துக்கு இடம் தருவது வேறு. குப்பை மேட்டுக்கு இடம் தருவது வேறு. ஒப்பந்தத்தில் இவ்வேற்றுமை தெளிவாக எழுதப்பட வேண்டும்.

(5) முதல் வருஷம் ஏக்கர் முழுவதும் இடாமல், 10 சென்டு நிலத்தில் இட்டு, பக்கத்தில் 10 சென்டு இடாமல் விட்டு, இரண்டின் மகசூலையும் நிறுத்துப் பார்ப்பது நலம். அண்டை வயற்காரருக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

நகரத்தார் பணம் கேட்கும் விண்ணப்பத்தில் தொட்டி எத்தனை, வண்டி எத்தனை என்ற கணக்கு இருக்கும். எருவை வாங்குவோர் யார், அவர்கள் எத்தகைய எருவை ஏற்பார்கள் என்ற கணக்கும் அதில் இருக்குமாறு செய்ய விவசாயிகளால் கூடும். நல்ல எருவுக்கு நியாயமான விலை தருவதும், கண்ணாடி கலந்த எருவை வண்டியோடு திருப்பி அனுப்புவதும் அவர்கள் கையில் உள்ளன. கிராமத்தார் இவ்விரண்டையும் தவறாமல் செய்துவருவார்களாயின், நகரத்துத் தெருக்களில் பிரித்தல் தானே ஒழுங்குபடும். நிலத்திலிருந்து நகரத்துக்குச் சென்ற சத்தும் நிலத்துக்கே திரும்பிவரும்.